சென்னைப் பெட்டிக்குள் போன சீட்டு

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். ரசம் பட்டால் சுரீர் என்றது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. வெற்றிலை, புகையிலை எதையும் தொடாதவள் என்பதால் எனக்குப் பயம் வரவில்லை. அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்துப் பல் மருத்துவர் புண்ணை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்து, இந்த வாரமே பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொன்னார்.

என் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வரவிருந்த நேரம். "அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும். எதுவானாலும் நம்ம ஊர்ல போய்ப் பாத்துக்கலாம். இங்க பாஷை தெரியாம ஆஸ்பத்திரில என்ன பண்ணுவ?" என்றார். நானும் தலையாட்டினேன். மாற்றல் குடும்பங்களின் புத்தியே இதுதான்: பல்வலியிலிருந்து பெண்ணின் கல்யாணம்வரை எல்லாம் அடுத்த ஊரில். பாதி வீட்டைப் பெட்டிகளில் கட்டினோம். சீட்டும் ஃபைலோடு உள்ளே போனது.

ஏழு மாதம் ஆர்டர் வரவில்லை. தாடைக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டிதான் வந்தது.

நியூ டவுன் மருத்துவமனையில் பயாப்ஸியையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, நாக்கில் புற்றுநோய், மூன்றாம் நிலை என்றார் அறுவை மருத்துவர். வங்காளப் பெண்மணி; எங்களுக்காக இந்தியில் நிதானமாகச் சொன்னார். புண்ணின் அகலம், ஆழம், கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கு (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) நோய் இறங்கியதா என்பது, இவற்றை வைத்துத்தான் நிலை. முதல் நிலையில் வருபவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். கணுவைத் தொட்டுவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

"ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார்.

பாதி நாக்கையும் கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. மூக்குவழியாக உணவு போன குழாயை எடுத்த வாரம், சென்னை ஆர்டர் வந்தது. கணவர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பெட்டிகளைப் பிரித்தார். அப்போதுதான் சீட்டு கிடைத்தது. 'இடது ஓரம், ஒன்றரை சென்டிமீட்டர். கழுத்தில் எதுவும் தட்டுப்படவில்லை.'

"எல்லாம் என்னாலதான்" என்றார்.

"நானுந்தான்" என்றேன். குழறல் புரியாமல், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இப்போது என் கழுத்து பலகையாக இறுகியிருக்கிறது. உமிழ்நீர் இல்லாததால் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும். மூன்று வருடத்துக்கு ஓர் ஊர் என்று காலத்தை எண்ணியவள், மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை என்று எண்ணுகிறேன். உங்கள் கையில் அப்படியொரு சீட்டு இருந்தால், எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே, இன்றைக்கே போங்கள்.

என் சீட்டை நான் கிழிக்கவில்லை. அதில் இருப்பவளுக்கு முழு நாக்கு இருக்கிறது, அநேகமாக முதல் நிலைதான். அவளைத்தான் நாங்கள் பெட்டியில் போட்டுக் கட்டினோம்.