மோர் குடித்த லிங்கன்பெர்ரி

எங்கள் சிராங்கூன் வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில், மூன்று மாதம் ஒரு தயிர் டப்பா இருந்தது. உள்ளே சதுப்பு நிலத்துப் பாசி மக்கி உண்டான, ஈரமான பீட் மண். அதன்மேல் கடுகில் கால்வாசிகூட இல்லாத லிங்கன்பெர்ரி விதைகள். நார்வே காட்டில் தரையோடு தரையாகக் கிடக்கும் செடி அது. சிவப்புப் பழம், களாக்காய் போலப் புளிக்கும். நகரத்துக் கடை ஒன்றில் உறைய வைத்த பழம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக நசுக்கி விதை எடுத்தேன். ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் அந்த விதைக்கு முளைக்கவே மனம் வரும். சிங்கப்பூரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜுக்குத்தான்.

என் கணவர் ஒருமுறை தயிர் என்று நினைத்து அதைச் சோற்றுக்குத் திறந்துவிட்டார். "என்னம்மா இது, மண்ணைப் போய் ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மூடிப் பத்திரமாகப் பின்னால் தள்ளி வைத்தார். அவர் சுபாவம் அப்படி.

அந்தப் பழத்தை நான் கையால் பறித்திருக்கிறேன். ஆராய்ச்சி வேலைக்காக இரண்டு ஆண்டுகள் நார்வேயில் இருந்தேன். அவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. படுத்த படுக்கையான அவருடைய அப்பாவும் எங்களோடு இருப்பதால் அவர் வரவில்லை. "ரெண்டு வருஷம்தானே, ஓடிரும் லா" என்று அனுப்பிவைத்தார். ஓடித்தான் போயிற்று. திரும்பி வந்த பிறகுதான் எனக்குச் சிக்கல். சிராங்கூன் சாலையில் பூக்கடைகளுக்கு நடுவே வியர்க்க வியர்க்க நடக்கும்போது, திடீரென்று அந்தக் காட்டின் ஈரவாசனை மூக்கில் ஏறும். அழுகை முட்டிக்கொண்டு வரும். பிறந்த ஊரில் இருந்துகொண்டே வேறு ஊருக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது? கொழுப்பு என்பார்கள்.

அந்த நேரம் பார்த்து, நான் வேலை செய்த அதே ஆய்வுக்கூடத்திலிருந்து நிரந்தர வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டுதான் தொடக்கம், நிதானமாகப் பதில் சொல்லலாம் என்றார்கள். அவரிடம் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லு" என்றார். அப்புறம் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று என் நாட்கள் போயின.

விதைகள் முளைத்தன. சின்ன அறையில் ஏர்கான் போட்டு, வெள்ளை விளக்கின் கீழ் ஒரு தட்டில் வைத்தேன். அவர் வேலைக்குப் போகுமுன் எட்டிப் பார்ப்பார், வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்ப்பார். குழந்தை பிறந்த வீட்டில்கூட இத்தனை முறை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு நுனிகள் கருகின. மண்ணில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. அறையில் ஒரு புளித்த வாடை. ஏர்கானைத் துடைத்தேன், விளக்கை உயர்த்தினேன். செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் கையில் டம்ளரோடு தட்டின்மேல் குனிந்திருந்தார்.

"என்னங்க அது?"

"மோர்."

வாசலில் அவர் ஒரு கறிவேப்பிலை வளர்க்கிறார். அதற்குப் புளித்த மோர் ஊற்றுவது அவர் வழக்கம். அது காடாகத் தழைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிகூடக் கிள்ளிக்கொண்டு போவார்.

"நீதானே சொன்ன, இதுக்குப் புளிச்ச மண்ணுதான் வேணும்னு? நம்ம கறிவேப்பிலை மாதிரி பிடிச்சுக்கும்னு நெனச்சேன்."

சொன்னேன்தான். ஆனால் பீட் மண்ணின் புளிப்பு வேறு, மோரின் புளிப்பு வேறு. பட்டினியிலேயே பழகிய செடி அது. நல்ல சத்தைக் கொடுத்தாலே வேர் அழுகிவிடும். இதையெல்லாம் விளக்கும் பொறுமை எனக்கு அப்போது இல்லை. "உங்களை யாரு கேட்டா? தண்ணிகூட ஊத்தாதீங்கன்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன். உள்ளே படுத்திருந்த மாமனார் என்னவென்று குரல் கொடுத்தார்.

என் கணவர் டம்ளரைக் கீழே வைக்காமலே நின்றார். "தினமும் கொஞ்சம் ஊத்திக்கிட்டுதான் இருந்தேன். வாடுற மாதிரி இருந்துச்சு, அதான் இன்னும் கூடுதலா ஊத்தினேன். இது இங்க பொழைச்சுட்டா நீயும் இருந்துருவேன்னு மனசுல வச்சிருந்தேன்."

நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தனக்குத்தானே கட்டிக்கொண்ட பந்தயம். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏனென்றால், அந்தச் செடிகள் சாய்ந்தபோதெல்லாம் என் மனதின் ஓரத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இங்கே இது பிழைக்காது, பார்த்தாயா, என்று நார்வே போவதற்கு எனக்கே காரணம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே தட்டுச் செடிக்கு, இருவரும் எதிரெதிராக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறோம். என் பங்கை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மூலையில் இருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. வேரை அலசி, சின்னத் தொட்டியில் புது மண் போட்டு நட்டேன். மெல்ல மெல்ல விரல் உயரம் வளர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நாள் குளிரில் தூங்க விட்டால்தான் மறுபடி துளிர்க்கும் என்று அவரிடம் சொன்னேன். ஆய்வுக்கூடத்துக்கு நான் பதில் அனுப்ப வேண்டிய வாரமும் அதுதான்.

அவர் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, இடத்தைத் துடைத்து, தொட்டியை உள்ளே வைத்தார். கதவைத் திறந்து பிடித்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ள இருக்கறப்ப தண்ணி ஊத்தணுமா?"

"மண்ணு காயக் கூடாது, அவ்வளவுதான். நான் பாத்துக்கறேன்."

"இல்லம்மா. நீ போனப்புறம் நான்தானே பாக்கணும். சொல்லிக் குடுத்துட்டுப் போ."

நான் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. ஃப்ரிட்ஜின் குளிர் என் காலில் பட்டுக்கொண்டிருந்தது.

"மாசத்துக்கு ஒருவாட்டி கொஞ்சமா தெளிச்சாப் போதும்" என்றேன். பிறகு, "மோர் வேண்டாம்" என்றேன்.

"ஊத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கதவை மூடினார்.