லண்டனுக்கு இரண்டே நாள்

பள்ளிக்கூடக் கொட்டிலின் கரும்பலகையில் ஓர் உலகப் படம் தொங்கியது. கொழும்பிலிருந்து லண்டன்வரை அதன்மேல் சிவப்பு நூல் இழுத்து ஒட்டியிருந்தார் எங்கள் குடியேற்ற உத்தியோகத்தர். ஐம்பதுகளின் கடைசி, மாரிகாலம். தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய சனங்களுக்கு நான் அரசாங்க மருத்துவிச்சி, அவர்கள் வாயில் 'மிஸி'. அவர் ஏதோ பயிற்சிக்கென்று லண்டன் போய்த் திரும்பியிருந்தார். அங்கே என்ன படித்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கப்பலில் மூன்று கிழமை பிடிக்கும் தூரத்தை இரண்டே நாளில் பறந்து கடந்ததுதான் அவருடைய முழுக் கல்வியும். விதைநெல் கேட்டுப் போனவனும், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடப் போனவனும் பம்பாய், கராச்சி, கெய்ரோ, ரோம் என்று விமானம் இறங்கிய ஊர்களையெல்லாம் கேட்டு முடித்த பிறகே பதில் பெறுவான். அந்தப் பதிலும் பெரும்பாலும் 'நாளைக்கு வா' என்பதுதான். கடைசியில் குடியேற்றம் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, ஒரு பேச்சே வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் ஒரு தலைப்பிள்ளைக்காரிக்கு நோவு கண்டு நெடுநேரமாகியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. என் கையால் ஆகக்கூடிய காரியமில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மாட்டுவண்டி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிடும். இருந்த ஒரே ஜீப் அவர் பொறுப்பில். மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

"ஐயா, ஜீப்பை ஒருக்காத் தாங்கோ. பிள்ளை குறுக்கால கிடக்கு. பிந்தினால் தாயும் தப்பமாட்டா."

படத்தில் வைத்த கம்பை அவர் எடுக்கவில்லை. "பொறுங்கோ மிஸி, இப்பதான் கராச்சிக்கு வந்திருக்கிறன். லண்டனில இறங்கினதும் ஜீப் தாறன்."

சிரிப்பை எதிர்பார்த்துச் சனங்களைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசை வாங்கில் இருந்த அவருடைய சாரதி எழுந்தார். "வாங்கோ மிஸி, போவம்."

"என்ரை உத்தரவில்லாமல் தொட்டால் உன்ரை வேலை போகும்!"

"ஓம் ஐயா, தெரியும்" என்றபடியே சாரதி நடந்தார். ஆண்கள் எல்லோரும் எழுந்து பின்னால் வந்தார்கள். குடியேற்றத்து மண்பாதையில் ஜீப் புதைந்த இடமெல்லாம் தோள்கொடுத்துத் தள்ளியவர்கள் அவர்கள்தான். நாங்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். சாரதிக்கு வேலை போயிற்று. அவருக்காகப் பரிந்து பேசப் போன என்னிடம், "ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு, மிஸி" என்றார் அந்தப் பெரிய மனிதர்.

சில வருடங்களின் பின் அவருக்குப் பதவி உயர்ந்து மாற்றலாயிற்று. பிரியாவிடைக் கூட்டத்தில், பேச்சைப் பாதியில் நிறுத்தி ஜீப்பைக் கொடுத்தனுப்பித் தாம் இரண்டு உயிர்களைக் காப்பாற்றிய கதையை உருக்கமாகச் சொன்னார். அதற்குச் சாட்சியாக அவருக்கு மாலை போட என்னை மேடைக்கு அழைத்தார்கள்.

"ஜீப்பைக் கொண்டுபோனவர் இப்ப வவுனியாவில மூட்டை தூக்கிறார், ஐயா. நீங்கள் சொன்ன கதையை அவரிட்டைச் சொல்லுறன்" என்றேன். மாலையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். மேசையிலிருந்த மாலையை எடுத்து, அவரே தம் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.