அப்பா உள்ளங்கால் பார்த்த கண்ணாடி

அப்பா ஒரு கைக்கண்ணாடி வாங்கி வந்த நாளிலிருந்துதான் எங்கள் வீட்டில் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கியது. தகரச் சட்டமும் பிடியும் வைத்த சின்னக் கண்ணாடி, பெண்பிள்ளைகள் பொட்டு வைக்க எடுப்பது. அதை அவர் அம்மாவுக்கும் தரவில்லை, எனக்கும் தரவில்லை. பின்னேரத்தில் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, கண்ணாடியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, ஒன்றும் நடவாதது போலப் பத்திரிகையை விரிப்பார்.

"தலையில பாதி மயிர் போன மனிசனுக்குக் கண்ணாடி என்னத்துக்குகா?" என்று பக்கத்து வளவுச் சின்னம்மா வேலிக்கு மேலால் கேட்டார். அம்மா சிரித்தாள். ஆனால் அன்று இரவு கறிக்கு உப்பு கூடிப்போயிற்று.

அப்பா கண்ணாடியில் பார்த்தது தன் உள்ளங்காலை. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு நோய், இருந்தது. இதை ஒரே வரியில் எழுத எனக்கு இப்போதுதான் முடிகிறது. போன மாதம் ஒரு வைத்தியர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு எனக்கும் அதே பெயரைச் சொன்னார். மருந்துச் சீட்டோடு வெளியே வந்தேன். எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. சோற்றை மட்டும் குறைத்திருக்கிறேன். மூத்தவள் என் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஒன்பது வயதில் நானும் அப்பாவை அப்படித்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் கட்டுகிறவர் தன் பெட்டியோடு அங்கே வந்து சேருவார். பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அப்பாவும் அப்படித்தான் வாவிக்கரையில் இருந்த அம்மாவின் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தமையனான மாமா, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்தார். ஆனாலும் தோணி ஏறி வந்து, தங்கைமார் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்று பார்க்காமல் அவருக்கு ஒரு கிழமை கழியாது.

கண்ணாடிக்குப் பிறகு செருப்பு வந்தது. கோயிலுக்கும் வயலுக்கும் வெறுங்காலோடு போய்வந்த மனிதர், முற்றத்தில்கூடச் செருப்போடு நடந்தார். அதன்பின் விடிய எழும்பி வாவிக்கரையோரமாக நடக்கப் போனார். என்ன அலுவல் என்று கேட்டால், "சும்மா" என்றார். எங்கள் ஊரில் வலை போடப் போகிறவர் நடப்பார், மாடு தேடுகிறவர் நடப்பார். சும்மா நடந்த மனிதர் அதுவரை யாரும் இல்லை. வயிறு வற்றி, இடுப்புப் பட்டிக்குப் புதிய துளை போட வேண்டி வந்தது. கண்ணாடி, செருப்பு, விடியற்கால நடை, வற்றிய வயிறு. இவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு பெண்ணைத் தேடத் தொடங்கினார்கள்.

அதையும் அம்மா தாங்கியிருப்பாள். அவளை உடைத்தது சோறு. திரும்பத் திரும்ப வாங்கி உண்கிறவர் ஒரு அகப்பையோடு கையை மறித்தார். எருமைத் தயிர்ச் சட்டியைத் தள்ளினார். தேன் வேண்டாம், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். ஏனென்று கேட்டால் பசியில்லை. ஒரு ஆண் பெண்சாதி போட்ட சோற்றைத் தள்ளினால் எங்கள் ஊர் இரண்டு காரணம்தான் சொல்லும். வேறொரு வீட்டில் உண்கிறார், இல்லையென்றால் இந்த வீட்டுச் சோற்றுக்குப் பயப்படுகிறார். மட்டக்களப்புப் பெண்கள் சோற்றில் வசிய மருந்து போட்டு மாப்பிள்ளையைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் பகிடி பண்ணுவதுண்டு. அவர்களுக்கு அது பகிடி. எங்களுக்குள்ளே அந்தப் பேச்சு எழும்பிய வீடுகளில் புருசன் பெண்சாதி ஒன்றாக இருந்ததில்லை.

அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் அவருடைய தமையனான பெரியப்பா. அவருக்கும் இதே வருத்தம் வந்தது, அவர் எல்லோரிடமும் சொன்னார். சொன்ன நாளிலிருந்து அவருடைய உடம்பு ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஒருவர் வேர் கொண்டுவந்தார், ஒருவர் நூல் கட்டினார். பார்க்க வந்தவர்கள் பலகாரப் பெட்டியோடு வந்து, ஒரு துண்டு தின்றால் என்ன வந்துவிடப் போகிறது என்று ஊட்டிவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டபடியால் அவர் தன்னைப் பார்க்கவேயில்லை. இந்த வருத்தத்தில் கால் மரத்துப்போயிருந்ததால் முள் ஏறியது அவருக்குத் தெரியாது. புண் அழுகி மணம் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் தமக்கையான மாமி மாட்டுவண்டியோடு போய், அவரைப் பெண்சாதி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தார். அங்கிருந்து பெரியப்பா உயிரோடு திரும்பிப் போகவில்லை.

பட்டினத்து ஆஸ்பத்திரி அப்போதிக்கரி அப்பாவுக்கு ஒரு போத்தல் மருந்து கொடுத்து, சீனியைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு அது போதவில்லை. எதைத் தின்றால் என்ன ஆகிறது, நடந்தால் என்ன மாறுகிறது என்று தானே பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். "அது எங்கட வேலை மாஸ்டர்" என்று அவர் சிரித்தாராம். "வருத்தம் என்ட. அப்ப வேலையும் என்டதானே" என்று அப்பா சொன்னாராம். கடைசியில், சிறுநீரில் சீனி இருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவத்தில் ஒரு போத்தலைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார். இதெல்லாம் அம்மா எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னது.

அந்த வயதில் எனக்குத் தெரிந்தது மாமா சொன்னது மட்டும்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விடிய உங்கப்பன்ட பின்னால போ புள்ள. எந்த வளவுக்குள்ள போறார், ஆர் கதவு துறக்கிறா எண்டு பாத்து வந்து சொல்லு. மறுகா நான் பாத்துக்கிறன்."

"அவர் கண்டுட்டா?"

"மாடு தேடுறன் எண்டு சொல்லு."

"நம்மட்ட மாடு இல்லையே மாமா."

"அதாலதான் தேடுற."

மறுநாள் நான் பின்னால் போனேன். அப்பா வேகமாக நடந்தார். ஒவ்வொரு வளவின் வேலி வாசலான கடப்பு வந்தபோதும் இதுதான், இதற்குள்தான் போகப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எதற்குள்ளும் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன மாஸ்டர், இண்டைக்கும் ஒண்டையும் துலைக்காமலே தேடுறீங்களா?" என்று கேட்டார். அப்பா கையை மட்டும் அசைத்தார். அப்படியே பட்டினம் வரைக்கும் போய், சனிக்கிழமை பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் தன்னிடமிருந்த திறப்பால் திறந்து உள்ளே போனார். அங்கேதான் அந்தப் பெண் இருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு நான் பின்பக்க யன்னலில் தொற்றினேன்.

உள்ளே யாரும் இல்லை. மேசையில் ஒரு சின்ன விளக்கு நீலச் சுவாலையோடு எரிந்தது. அப்பா ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அதிலிருந்து சில துளி விட்டார். குழாயை இடுக்கியால் பிடித்துச் சுவாலையில் காட்டினார். கொதித்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல்லின் நிறத்துக்கு வந்து நின்றது. அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நன்றாகப் படித்த பிள்ளை சோதினையில் தவறிவிட்டதைப் பார்க்கும் முகம். "ராத்திரிப் பிட்டு" என்று தனக்குத்தானே சொன்னார்.

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, பார்த்ததை ஒன்றும் விடாமல் மாமாவிடம் ஒப்புவித்தேன். பிட்டு என்று சொன்ன இடத்தில் அவர் என்னை நிறுத்தினார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு குசினிக்குள் போய் அம்மாவுக்கு எதிரே குந்தினார்.

"அவர் உன்ட சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கிறார்கா. படிச்ச மனிசன்தானே. இங்கிலீசு முறையில பாக்கிறார். நீலம் சிவந்தா அதுக்குள்ள மருந்து கிடக்கெண்டு அருத்தம்."

"நான் என்னத்தைப் போட்டன் அண்ணன்?"

"நீ போட்ட எண்டு நான் சொன்னனா? ஆரோ போடுறாங்க, அவர்ட பங்குக்கு மட்டும். கிடக்கெண்டு அவர்ட தண்ணி சொல்லுது."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் குசினிக்குள் யாரும் போக முடியவில்லை. சின்னம்மா கொடுத்த மிளகாய்த்தூளை அம்மா வேலியோரம் கொட்டினாள். அப்பாவின் தட்டைத் தனியாகக் கழுவினாள், கழுவியதை முகர்ந்து பார்த்தாள், திரும்பவும் கழுவினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தாள், இருவரையும் நான் பார்த்தேன்.

பேச்சு எப்படிப் போனதோ, மாமியிடம் போய்ச் சேர்ந்தது. தைப்பூசத்தன்று புதிருக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். வயலில் முதல் அறுத்த நெல்லைக் குற்றிச் சமைத்து, வீட்டிலுள்ளவர்களும் சொந்தக்காரரும் சேர்ந்து உண்பதுதான் புதிர். தம்பி அந்தச் சோற்றைத் தின்னாவிட்டால் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன் என்றும் சொல்லியிருந்தார். வந்தபோது வண்டியைக் கடப்படியில் நிறுத்தி, மாடுகளை அவிழ்க்க வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மாமாவின் வயல் நெல். அம்மா தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுப் பொங்கியிருந்தாள். ஆண்கள் வரிசையாக இருந்தார்கள். அப்பாவின் இலையில் அம்மா சோற்றைக் குவித்து, கட்டித் தயிரை வைத்து, மேலே தேனை ஊற்றினாள். அப்பா கும்பிட்டுவிட்டு ஒரு பிடி எடுத்து உண்டார். பிறகு கையை இலையில் ஊன்றிக்கொண்டு இருந்தார்.

"எனக்குக் காணும்" என்றார்.

மற்றவர்களும் உண்பதை நிறுத்திவிட்டார்கள். "என்ன மச்சான், புதுநெல்லு. தங்கச்சி கையால போட்டது. தொண்டைக்குள்ள இறங்குதில்லையா?" என்று மாமா கேட்டார். மாமி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகினார். "எழும்பு தம்பி. போவம்" என்றார்.

அப்போது அம்மா தேன் போத்தலை வைத்துவிட்டு, ஆண்களின் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் இலையைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றையும் தயிரையும் தேனையும் பிசைந்து, பிடி பிடியாக, நிமிராமல் தின்றாள். இலையில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துத் தின்று முடித்த பிறகுதான் மாமியைப் பார்த்தாள்.

"இனி என்ன மச்சாள்? நானும் உங்கட தம்பியும் ஒரு இலைதான். ஏத்துறதெண்டா ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்துங்க."

அப்பா அவளை ஒருவிதமாகப் பார்த்தார். அவளைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். எழுந்து கை கழுவினார். "உள்ள வா" என்று அம்மாவிடம் சொன்னார். அன்று கதவைச் சாத்தவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அப்பா கதிரையில் இருந்தபடி ஒரு காலைத் தூக்கியிருந்தார், அம்மா கீழே குந்தியிருந்தாள். அவர் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். அம்மா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு அவருடைய பாதத்தைப் பிடித்துத் திருப்பப் போனாள்.

"நான் பாக்கிறன்" என்றாள்.

"இல்ல. நான்தான் பாக்கோணும். நீ கண்ணாடியைப் பிடி."

அம்மா பிடித்தாள். அதன்பின் எத்தனையோ வருடம் பிடித்தாள். சோறு எவ்வளவு என்று அப்பா சொல்வார், அவள் அவ்வளவு போடுவாள். இன்னும் கொஞ்சம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிட்டுக்கு அரிசி மாவுக்குப் பதிலாகக் குரக்கன் என்கிற கேழ்வரகு மா வந்தது. குழாயில் பச்சை வந்த நாட்களில் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டியடித்துக்கொண்டு வருவார். கடைசிவரைக்கும் இரண்டு கால்களோடும் நடந்தார். மாமியின் மாடுகளை அன்று அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்கள். மாமி இரண்டு தரம் புதிர் வாங்கித் தின்றுவிட்டு, மீதித் தயிர்ச் சட்டியோடு தனியாகத் திரும்பினார். தான் துப்புத் துலக்கியதால்தான் எல்லாம் வெளிவந்தது என்று மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நானோ அன்று பொழுதுபடும்வரை அம்மாவோடு பேசவில்லை. அப்பாவின் இலையில் கடைசிப் பிடி எப்போதும் எனக்குத்தான். அவள் தின்றுகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். அவள் இடக்கையால் என் கையை ஓங்கி அடித்துத் தள்ளினாள். எல்லோருக்கும் முன்னால் அடித்தாள். தேன் ஊற்றிய சோற்றை எனக்கு ஒரு பிடி தராமல் முழுவதையும் தானே தின்ற ஆசைக்காரி என்று நினைத்து, வேலியோரம் போய் இருந்து அழுதேன். அப்பாவின் வருத்தம் அவளுக்கு அப்போது தெரியாது. மாமா சொன்னதை அவளும் நம்பித்தான் இருந்தாள். அப்பாவின் பங்கில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த இலையைத் தன் பக்கம் இழுத்தாள். தான் போடவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.