ஹுவைலா கிணற்றில் குடித்த பால்

குபைஷா செத்து மூன்று மழைக்காலம் போய்விட்டது. அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எங்கள் ஹதூர் குலத்தில் எவளுக்கும் வாய் வராது. எனக்கும் தகுதியில்லைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

அவள் வத்லான் குலத்துக்காரி. ஹுவைலா கிணற்றைத் தோண்டியது அவள் பாட்டன். அந்த மணல்காட்டில் உப்புக் கரிக்காத தண்ணீர் அது ஒன்றுதான். கோடையில் அவர்கள் கூடாரம் கிணற்றுக்குத் தெற்கே, எங்களுடையது வடக்கே. ஆள் குள்ளம், ஒரு கண்ணில் பூ விழுந்தவள், வாய் மட்டும் ஏழு முழம். ஆண்கள் ஒட்டகத்துக்கு இறைத்து முடிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டாள். கயிற்றைப் பிடுங்கிவிடுவாள்.

"உங்க ஒட்டகம் ஒரு வாரம் தாங்கும், என் புள்ளைங்க தாங்குமா? தள்ளுடா தாடிக்காரா!"

அந்தத் தாடிக்காரன் என் புருஷன், சுவைதான் என்று பேர்.

ஒரு கோடையில் அம்மை வந்தது. ஆண்கள் எல்லாம் கடலில் முத்துக் குளிக்கப் போயிருந்தார்கள். என் மகன் மத்தர் பிறந்து இருபது நாள். காய்ச்சலில் எனக்கு மார் வற்றிவிட்டது. ஒட்டகப்பால் கொடுத்தால் பிள்ளை கக்கினான். அம்மைக்குப் பயந்து எங்கள் பெண்கள் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. குபைஷாதான் வந்தாள், இடுப்பில் தன் கைக்குழந்தை ஹம்தாவோடு.

"குடு அவன. ஒரு பக்கம் இவ, ஒரு பக்கம் அவன். ஆடு ரெண்டு குட்டிக்குக் குடுக்கலயா?"

நாற்பது நாள் கொடுத்தாள். பால் கொடுத்தவள் எங்களுக்குத் தாய். அவள் பெற்றவர்கள் கூடப்பிறந்தவர்கள். அவர்களைக் கட்டக் கூடாது.

மத்தருக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் வந்தான். எந்தக் குலம் எந்த ஷேக்குக்கு அடங்கியது, எந்தக் கிணறு எந்தக் குலத்துடையது என்று கேட்டு எழுதி எல்லைக் கோடு போடப் போகிறானாம். நாங்கள் ஒரு ஷேக்கின் ஆட்கள், வத்லான்கள் வேறொரு ஷேக்கின் ஆட்கள். வத்லான்கள் ஒரு கோடைகூட ஹுவைலாவில் கூடாரம் அடித்ததில்லை என்று எங்கள் ஆண்கள் சத்தியம் செய்தார்கள்.

ஆடுகளோடு ஒதுங்கி நின்ற பெண்கள் நடுவிலிருந்து குபைஷா கத்தினாள்.

"பொய்யி! அம்மை வந்த கோடையில நாங்க இங்கதான் இருந்தோம். மத்தர் அம்மாவக் கேளுங்க, அவ புள்ள யாரு பால் குடிச்சான்னு!"

துரையோடு வந்த மொழிபெயர்ப்பாளன் என்னைக் கேட்டான். எல்லாத் தாடியும் என் பக்கம் திரும்பியது. பயந்து சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமெல்லாம் இல்லை. அந்த நல்ல தண்ணீர் எங்களுக்கு மட்டும் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

"என் புள்ளைக்கு நான்தான் குடுத்தேன். இவள எனக்குத் தெரியவே தெரியாது."

குபைஷா வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றுதான்.

கிணறு எங்கள் பக்கம் வந்தது. வத்லான்கள் இரண்டு நாள் தூரம் தெற்கே உவர்த் தண்ணீருக்குப் போனார்கள். பாதி ஆடு செத்ததாகக் கேள்விப்பட்டேன்.

பத்து வருஷம் கழித்து மேய்ச்சல் தகராறில் அவர்கள் ஆள் ஒருவனை எங்கள் ஆள் சுட்டுக் கொன்றான். பழிக்குப் பழி வேண்டாம், சம்பந்தம் செய்து சமாதானமாகலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். மத்தருக்கு ஹம்தா. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒட்டகத்தில் ஏறித் தெற்கே போனேன்.

குபைஷா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி சம்பந்தி! என்னை அடையாளம் தெரியுதா?"

"குபைஷா, இது ஆகாது. ரெண்டும் அக்கா தம்பி."

"அப்படியா? யாரு சொன்னா? முன்னபின்ன தெரியாதவ மகள உன் மகன் தாராளமா கட்டலாமே."

"நீ சொல்லு, நின்னுரும்."

"நான் ஒரு தடவ சொல்லிட்டேன், அத்தன பேரு முன்னால. இப்ப உன் மொற."

பேரீச்சம்பழம் வைத்தாள். ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்தாள். வாயில் வைத்தேன், உப்பு.

"முழுங்குடி. நாங்க பத்து வருஷமா முழுங்குறோம்."

நிச்சயத்தன்று இரண்டு குலத்து ஆண்களும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நடுவில் போய் நின்றேன்.

"மத்தர் குபைஷா பால் குடிச்சவன். நாப்பது நாளு, ஹுவைலாவுல. இவங்க கூடாரம் கிணத்துக்குத் தெக்கால இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

"உள்ள போடி!" என்றான் சுவைதான். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

வத்லான் பெரியவர் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப கிணறு?"

எங்கள் பெரியவர் தாடியைத் தடவினார். "காயிதம் தொரைகிட்டல்ல இருக்கு."

கல்யாணம் நின்றது. வேறொரு ஜோடியை வைத்துச் சமாதானம் முடித்தார்கள். கிணற்றை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்துவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மத்தர் மாதம் ஒரு தடவை தோல்பைகளில் ஹுவைலாத் தண்ணீர் நிரப்பித் தெற்கே கொண்டுபோனான். அவளை அம்மா என்றான். என்னையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான், முகத்தைப் பார்க்காமல்.

அவள் செத்தபோது குழி தோண்டியது அவன்தான். நானும் போனேன். வத்லான் பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். ஒருத்தியாவது காறித் துப்பியிருக்கலாம்.

திரும்பி வரும் வழியில் தாகம் தாங்கவில்லை. ஹுவைலாவில் இறங்கி, கயிற்றை நானே இழுத்து இறைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

தண்ணீர் இனித்தது.