அவர் செய்ததாகச் சொன்ன இயந்திரம்

அம்பத்தூரில் ஒரு பனியன் கம்பெனியின் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். கணவருக்கு ஐ.டி. வேலை. கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் ஃபிளாட். மகள் முழுநாள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, வீட்டிலேயே டி-ஷர்ட்டுகளில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கடையில் விற்கிற இயந்திரம் கட்டுப்படியாகாது. நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

"சரி, பண்ணு," என்றார் கணவர். கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை.

காயலான் கடையில் பழைய காரில் சக்கரம் மாட்டிச் சுழலும் ஹப் ஒன்று கிடைத்தது. துருவைச் சுரண்டிவிட்டுச் சுற்றினால் சத்தமே இல்லாமல் சுழன்றது. அதிலிருந்து நான்கு இரும்புக் கைகள் நீள வேண்டும். ஒவ்வொரு கையிலும் மை இறங்கும் வலைத்துணி இழுத்துக் கட்டிய ஒரு சட்டம், ஒரு சட்டத்துக்கு ஒரு நிறம். ஒவ்வொன்றும் சுழன்று வந்து ஒரே பலகையின் மேல் இம்மி பிசகாமல் இறங்க வேண்டும். வரைந்து எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

"இன்னாக்கா இது, ராட்டினம் மாதிரி கீது?" என்றார் பட்டறைக்காரர்.

"டி-ஷர்ட் பிரிண்ட் அடிக்கிற மெஷின்ண்ணா."

"வூட்டுல சாரைக் கேட்டுக்கினு வந்துடுக்கா. வெல்டு வெச்சப்பறம் அளவை மாத்த முடியாது."

"அளவு நான் போட்டதுதாண்ணா."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழாயை அறுக்க ஆரம்பித்தார்.

கைகள் ஏறி இறங்க முதலில் போட்ட கதவுக் கீல் ஆடியது. நூலளவு ஆடினாலும் இரண்டாவது நிறம் தள்ளி விழும். கீலைக் கழற்றி எறிந்துவிட்டு, கை வந்து அசையாமல் உட்கார இரண்டு சின்ன பேரிங்குகளைப் பொருத்தினேன். படம் பதிவதற்கான மருந்து பூசிய சட்டங்களை மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பதம் கண்டுபிடிப்பதற்குள் எத்தனையோ துணி வீணானது. கையெல்லாம் மருந்து நாற்றம். சாப்பிடும்போது கணவர் முகம் சுளிப்பார்.

ஒருநாள் மகளின் பழைய வெள்ளைச் சட்டையில் கிளி ஒன்று அச்சாகி விழுந்தது. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. மூக்கு சரியாக மூக்கின் இடத்தில் இருந்தது. அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் தனியாகச் சிரித்தேன்.

கணவர் அதைப் பார்த்த பிறகுதான் வீடியோ எடுக்கலாம் என்றார். நான் சட்டத்தின் மேல் ரப்பர் கட்டையால் மை இழுக்க, அவர் எடுத்தார். எப்படிச் செய்தேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இழுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஃபிளாட் அம்மா, "உங்க வீட்டுக்காரருக்கு என்ன மூளை!" என்றார். அப்போதுதான் கணவர் இணையத்தில் போட்டிருந்த வீடியோவைத் திறந்தேன்.

என் குரல் இல்லை. "நான் ஒரு பழைய வீல் ஹப்பை எடுத்தேன்" என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். கீழே "செம அண்ணா", "வேற லெவல் ப்ரோ" என்று வரிசையாகப் பாராட்டு. யாரோ ஒருவர் மட்டும், அந்த வளையல் போட்ட கை யாருடையது என்று கேட்டிருந்தார். "என் ஒய்ஃப். எனக்கு ஹெல்ப் பண்றாங்க" என்று பதில் எழுதியிருந்தார்.

கேட்டேன். "பேக்ரவுண்ட்ல காத்து சத்தம், உன் வாய்ஸ் க்ளியரா இல்ல," என்றார்.

"அப்ப நீங்களாவது நான் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஒரே வீடு. யார் செஞ்சா என்ன?"

அவர் அலுவலகத்தில் குடும்ப தினம் வந்தது. இயந்திரத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அதைச் சின்ன யானை வண்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் காரில் போனோம். மேடையில் அவர் மைக் பிடித்து விளக்கினார். மையும் அவரே இழுத்தார். இரண்டாவது நிறம் விரலளவு தள்ளி விழுந்தது. காலையில் இறக்கி வைத்தபோது அவர்தான் ஏதோ ஒரு போல்ட்டை முறுக்கினார். அது எந்தப் போல்ட் என்றும் எனக்குத் தெரியும்.

"நேத்து ஒய்ஃப் எதையோ தொட்டுட்டாங்க போல," என்றார் மைக்கில். எல்லோரும் சிரித்தார்கள்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள்.

மேடை ஏறினேன். ஸ்பேனரை வாங்கிப் போல்ட்டைத் தளர்த்தி, பேரிங்குகளைச் சரிசெய்து, ஒரு சட்டையை அடித்துக் காட்டினேன். சுத்தமாக விழுந்தது. கைதட்டினார்கள். இறங்கும்போது அவருடைய மேனேஜர், "வீட்ல நல்லா ட்ரெயின் பண்ணி வெச்சிருக்கீங்க," என்று அவர் தோளில் தட்டினார். அவர் சிரித்தபடி தலையாட்டினார்.

காரில் வரும்போது கேட்டேன். "இப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"இவ்ளோ நாள் கழிச்சு மாத்திச் சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

மறுவாரம் இயந்திரத்தைப் பிரித்து அம்பத்தூருக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பின்பக்கத்தில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயிலில் போய் அங்கேதான் அச்சடிக்கிறேன். பள்ளி விளையாட்டு நாள், கோயில் பாதயாத்திரை, கிரிக்கெட் டீம் என்று வேலை வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். "அம்பத்தூர்ல சின்னதா ஒரு யூனிட் போட்டிருக்கேன். இவதான் பார்த்துக்கறா," என்றார் அவர்.

நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அவர்கள் போன பிறகு ஒரு வாரம் வீட்டில் பேச்சு இருக்காது. மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.