ஒன்பதாம் இலக்கப் பாக்கெட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதுவும் மருந்து விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். டிஸ்பென்சரியில் ஐந்து நாளைக்குக் கொடுத்த கெப்சூலை இரண்டு நாள் விழுங்கிவிட்டு, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டுக் கை கிழிந்தால் அதில் ஒன்றைப் பிரித்து, தூளைக் காயத்தில் தூவிக் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இப்படி அரைகுறையாகப் போட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று, லீவுக்கு வரும்போதெல்லாம் வீடு வீடாகத் திட்டியிருக்கிறேன். லேப் மகராசி வந்துட்டா என்று சிரிப்பார்கள்.

நான் வேலை செய்வது இரத்தினபுரிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில். போன வருடம் எங்கள் சார் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கடைகளில் விற்கிற சொசேஜில் அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனிச் சரக்கும் வேண்டும், வீட்டில் செய்து சின்னக் கடைகளுக்குப் போடுவதும் வேண்டும் என்றார். பாக்கெட்டுகளை வாங்கி வருவது என் பொறுப்பு.

எனக்கு உடனே அக்கா ஞாபகம்தான் வந்தது. அவள் பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறாள். முதுகுவலியால் கொழுந்து எடுக்க முடியாமல் போனதும், கோழி இறைச்சியை அரைத்து வேகவைத்துச் சொசேஜ் செய்யப் பழகிக்கொண்டாள். சந்திக் கடைச் சிங்கள முதலாளி வாங்கி விற்கிறார். வீட்டில் அடுப்பெரிவது அதில்தான். அவளுடைய சுத்தம் எனக்குத் தெரியும். அரைக்கிற மெஷினைக் கொதிதண்ணீரில் கழுவுவாள், தலையில் துணி கட்டாமல் இறைச்சியைத் தொடமாட்டாள். எங்கள் வீட்டுச் சாமானைப் பாருங்கள் என்று சாரிடம் பெருமையடிக்கலாம் என்றுதான் சந்திக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அதற்கு விழுந்த இலக்கம் ஒன்பது.

சொசேஜில் ஒரு துண்டை நசுக்கிக் கரைத்து, உப்புச் சேர்த்த இளஞ்சிவப்புக் கூழ் உறையவைத்த தட்டில் தடவிச் சூட்டுப் பெட்டியில் வைப்போம். நாங்கள் தேடுகிற கிருமி இருந்தால் அது வளர்கிற இடம் மஞ்சளாகும். மனிதர் தோலிலும் மூக்கிலும் புண்ணிலும் குடியிருக்கிற கிருமி அது. பெட்டியைத் திறந்தபோது ஒன்பதாம் தட்டு முழுக்க மஞ்சள். கிருமி எங்கேதான் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதை இன்னொரு தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைத்தேன். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வட்டம் விழும். மறுநாள் பார்த்தால், ஆறு வில்லைகளில் நான்குக்கு வட்டமே இல்லை. ஓரம் வரை வந்து முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. என் கைப்பிழையாக இருக்கும் என்று முதலிலிருந்து இன்னொரு தடவை செய்தேன். அதேதான்.

சாரிடம் போய், இது என் அக்கா செய்தது என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. வேகவைத்த பிறகு கை பட்டிருக்கும், போய் அவருடைய கையைப் பார் என்றார். அறிக்கையில் கடைப் பெயர் வராது, இலக்கம் மட்டும்தான் வரும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. சொன்னால் அக்காவின் வியாபாரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வழி நெடுக இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அக்காவின் வலது ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு இருந்தது. பிடித்து அவிழ்த்தேன். பழைய வெட்டு, ஓரமெல்லாம் சிவந்து நடுவில் சீழ், அதன்மேல் தூள். மெஷின் கத்தி பட்டு மூன்று மாதமாம். ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறதாம். தூளைப் போட்டுக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! எத்தனை தரம் சொன்னேன், அறிவில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். சொசேஜில் என்ன கிடைத்தது என்பதையும் அதே வேகத்தில் கொட்டிவிட்டேன்.

அக்கா உள்ளே போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கெப்சூல் அட்டையை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"இது நீ விட்டுட்டுப் போனதுதானே? பொங்கலுக்கு வந்தப்ப கட்டின்னு போட்டுக்கிட்டிருந்தியே. டிஸ்பென்சரி மருந்துன்னா தொட்டிருக்க மாட்டேன். நீ படிச்ச புள்ள, நல்ல மருந்தாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

என்னுடையதுதான். கட்டி உடைந்து வலி நின்றதும் மறந்து விட்டுப் போயிருக்கிறேன். பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அக்கா திரும்பக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காவது வந்திருக்குமா? சந்தியில புள்ளைங்கதான் அத வாங்கித் தின்னுதுங்க."

"நல்லாப் பொரிச்சா கிருமி செத்துரும்க்கா. அதுக்கு முன்னால தொட்டவங்களுக்கு... தெரியலக்கா."

அன்று செய்து வைத்திருந்ததையெல்லாம் அவளே குழி வெட்டிப் புதைத்தாள். பிறகு சந்திக்கு நடந்துபோய், கையில் புண், இருக்கிறதை விற்க வேண்டாம் என்று முதலாளியிடம் சிங்களத்தில் அவளே சொன்னாள். அவர் கத்துவார் என்று பயந்துகொண்டு நின்றேன். விரலைப் பார்த்துவிட்டு, "அனே நங்கி" என்று, ஐயோ தங்கச்சி என்கிற மாதிரி, பரிதாபப்பட்டு, பிரிட்ஜைத் திறந்து பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில்தான் அக்கா அழுதாள். பாவம், என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துச் சோதித்தார்கள். அங்கேயும் அடங்காத கிருமி என்றுதான் வந்தது. எங்கள் தட்டில் வட்டம் விழுந்த இரண்டு மருந்தில் ஒன்றையே கொடுத்தார்கள். ஒரு நேரம் தவறாமல் விழுங்கினாள். புண் ஆற ஒரு மாதம் ஆனது. இப்போது கையுறை போட்டுக்கொண்டு திரும்பவும் செய்கிறாள். முன்னைப்போல் அவ்வளவு ஓடவில்லை, பாதிதான் ஓடுகிறது.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சாருக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். செய்கிறவர் அண்மையில் அன்டிபயோட்டிக் பாவித்தாரா, அது யாரிடமிருந்து கிடைத்தது என்பது கடைசிக் கேள்வி. ஒன்பதாம் இலக்கத்துக்கு மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன். என் கெப்சூலால்தான் இப்படி ஆனதா சார் என்று கேட்டேன். அப்படியென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார். இடத்துக்கு வந்து பேனாவை எடுத்தேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தங்கை என்று எழுதினேன்.