பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் ஒரு குதிரை

என் மாமனார் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மாமியார் காலமானபின் எங்களோடு இருக்க வந்தார். அப்போது நாங்கள் தொம்மலூரில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கம் வீட்டுக்காரம்மா, பின்பக்கம் நாங்கள். எங்கள் பக்கத்தை ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது அதில் ஒரு பழுப்புக் குதிரை நின்றுகொண்டிருந்தது.

"யாருது மாமா?"

"நம்முதுதாம்மா. கால் போயிடுச்சு, இனிமே ரேஸ்ல ஓடாதாம். சும்மாவே குடுத்துட்டாங்க."

ரேஸ் குதிரை லாயத்தில் அவருக்கு டீக்கடைப் பழக்கமாக ஒருவர் இருந்திருக்கிறார். வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். எங்களிடம் கேட்க மறந்துவிட்டார்.

"எதுக்குப்பா இது?" என்றார் என் கணவர்.

"நான் கூட்டிட்டு வரலன்னா அதை இன்னா பண்ணியிருப்பாங்கன்னு தெரியுமா உனக்கு?"

என் கணவர் தெரியாது என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

மாமனார் குதிரை ஏறியதே இல்லை, ஏறும் உத்தேசமும் இல்லை. காலையில் கொள்ளு வேகவைப்பார், பிறகு குதிரை தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது பெண்குதிரை. என்னைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடக்கும். எனக்கும் அதைப் பெரிதாகப் பிடிக்கவில்லை. அந்த வகையில் எங்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது.

தெருக்காரர்கள் மாடுகளோடு பழகியவர்கள். மாட்டுக்குக் கொடுத்ததையெல்லாம் குதிரைக்கும் கொடுத்தார்கள். முட்டைக்கோஸ் இலை வந்தது, கோயில் பொங்கல் வந்தது. ஒரு அம்மா புளித்துப்போன இட்லி மாவை வாளியோடு கொண்டுவந்து வைத்தார். குதிரை எதையும் மறுக்கவில்லை. அன்று மதியமே தரையில் விழுந்து புரண்டது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். அவர் ஓர் இளம்பெண், சேலத்துக்காரர்.

"குதிரைக்கு வாந்தி வராதுங்க. உள்ள போனது போனதுதான். மாவு வயித்துல போய்ப் பொங்குனா வயிறே கிழிஞ்சிடும்."

மாமனார் கேட்டில் ஒரு பலகை மாட்டினார். குதிரைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. எல்லோரும் நின்று படித்தார்கள். மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கேரட்டை நீட்டினார்கள். கேரட் பரவாயில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் மாமனார் விட்டுவிட்டார். சுவரோரம் நின்ற அரளிச் செடிகளை மட்டும் வேரோடு பிடுங்கினார். வீட்டுக்காரம்மா பூஜைக்குப் பறிக்கிற செடிகள் அவை. கொஞ்சம் இலையே குதிரையைக் கொன்றுவிடும் என்று தெரிந்ததும் அவரே வந்து ஒரு செடியைப் பிடுங்கினார்.

பட்டர் ஃப்ரூட் மரத்தை யாரும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்காரம்மாவின் காலமான கணவர் நட்ட மரம் அது. பழத்தைப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்து வீட்டுக்காரம்மா எங்களுக்கும் கொடுப்பார். ஒரு மழையில் அதன் கிளை ஒன்று ஒடிந்து கொட்டகைப் பக்கம் விழுந்தது. அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குள் இலைகளைக் குதிரை அப்புறப்படுத்திவிட்டது.

மறுநாள் அதன் முகம் முகமாக இல்லை. உதடு தொங்கி, கண் மூடி, தலை பானை மாதிரி வீங்கியிருந்தது. தேனீ கொட்டியிருக்கும் என்றார் மாமனார். மருத்துவர் வந்து குதிரையைப் பார்த்தார், மொட்டைக் கிளையைப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த இலைதாங்க."

வீட்டுக்காரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏனம்மா இது, நாங்க எத்தனை வருஷமா தின்றோம்? எங்களுக்கு ஏனும் ஆகலையே?"

"நீங்க குதிரை இல்லையேம்மா," என்றார் மருத்துவர்.

ஊசி போட்டார். இதயத்தையும் தாக்கலாம், அதனால் நடத்தவே கூடாது, தலையைத் தொங்கவிட்டால் வீக்கம் கூடும் என்றார். மாமனார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கனத்த தலையைத் தோளில் வாங்கிக்கொண்டார். மாலை வரை அசையவில்லை. அவர் பனியன் முழுக்க எச்சில். நான் தோசை கொண்டுபோனேன். கையை எடுக்க முடியாததால் ஊட்டிவிட்டேன். மாமியார் இறந்தபோது அழாத மனிதர் அப்போது அழுதுகொண்டிருந்தார். நான் சட்னி காரமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

குதிரை பிழைத்தது. வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் வீட்டுக்காரம்மா தினமும் வந்து குதிரையைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், போவார். கடைசியில் மாமனாரிடம் வந்தார்.

"வெட்டிடலாம் அண்ணா. மரம்தானே."

"வாணாம்மா. அவரு வெச்ச மரம். நாங்க போயிடறோம்."

நாங்கள் என்று அவர் சொன்னது தன்னையும் குதிரையையும். இது எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. ஹொசகோட்டைக்கு அந்தப்பக்கம் அவருடைய பழைய சுரங்கத் தோழர் ஒருவர் ராகி பயிரிட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஒரு அறையும் கொட்டகையும் பேசி முடித்திருந்தார். என் கணவர் கத்திப் பார்த்தார்.

"குதிரைக்காகப் பெத்த மகனை விட்டுட்டுப் போறியா?"

"நீ எதைத் தின்னா ஆவும், ஆவாதுன்னு உனக்கே தெரியும்டா," என்றார் மாமனார்.

வண்டி வந்தபோது குதிரை ஏற மறுத்தது. மாமனார் முதலில் ஏறி உள்ளே நின்றார், அதுவும் ஏறிக்கொண்டது. வீட்டுக்காரம்மா கேட்டருகில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். நன்றாகப் புல் மேய்ந்தது, லத்தி நன்றாகப் போட்டது, வேலியோரம் முளைத்திருந்த ஆமணக்கை எல்லாம் வெட்டியாயிற்று என்பார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் கணவர் போனை என்னிடம் கொடுத்துவிடுவார்.

"நீங்க சாப்ட்டீங்களா மாமா?" என்று கேட்பேன்.

"காலையிலயே சாப்ட்டுச்சு" என்பார்.